பனிப்போர் எப்போது தொடங்கியது? கூட்டாளிகள் மூன்றே வருஷத்தில் முறைத்துக்கொண்ட கதை

#1 மூணாம்பெஞ்சு

வணக்கம் நண்பர்களே. மகள் பிளஸ் டூ, வரலாறு எடுத்திருக்கா. நேத்து ராத்திரி பனிப்போர் பாடத்தை ஒப்பிச்சுக்கிட்டு இருந்தா. சர்ச்சிலோட ஃபுல்டன் பேச்சு, ட்ரூமன் கோட்பாடு, மார்ஷல் திட்டம், நேட்டோ, வார்சா ஒப்பந்தம் எல்லாம் வரிசையா வந்துச்சு. திடீர்னு நிறுத்திட்டுக் கேட்டா: “1945 ஏப்ரல்ல எல்ப் ஆத்தங்கரையில அமெரிக்கச் சிப்பாயும் ரஷ்யச் சிப்பாயும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. 1948 ஜூன்ல பெர்லினுக்குப் போற ரோட்டை மறிக்கிறாங்க. நடுவுல என்னப்பா நடந்துச்சு?”

கொள்கை வேறுபாடும்மான்னேன். “அப்போ 1941-ல அந்தக் கொள்கை இல்லையா?”ன்னா. முழிச்சுட்டு இங்க வந்திருக்கேன். அஞ்சு மார்க் பதில் வேண்டாம், நடந்தது என்னன்னு சொல்லுங்க.

#2 சோவியத்நாடு அட்டை

தம்பி, உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்று தெரிந்திருக்கும். எங்கள் காலத்தில் பள்ளி நோட்டுகளுக்கு ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளில்தான் அட்டை போடுவோம். கணக்கு நோட்டின் மேல் டிராக்டர், அறிவியல் நோட்டின் மேல் விண்வெளி வீரர். அந்த அட்டையைப் பார்த்தே வளர்ந்தவன்.

பகை 1945-ல் முளைத்ததல்ல. 1918-ல் அமெரிக்கப் படை ரஷ்யத் துறைமுகங்களான ஆர்க்காங்கெல்ஸ்கிலும் விளாடிவாஸ்டாக்கிலும் இறங்கியது. புரட்சி நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜப்பான் படைகளும் வந்தன. சோவியத் அரசு என்று ஒன்று இருப்பதையே அமெரிக்கா 1933 வரை ஏற்கவில்லை. அப்புறம் ஹிட்லர் அடித்தபோது ஸ்டாலின் மேற்கே இரண்டாவது போர்முனை திறக்கச் சொல்லிக் கெஞ்சாத குறை. 1942-ல் வரும் என்றார்கள், 1943 என்றார்கள், வந்தது 1944 ஜூன் 6. அதற்குள் ஸ்டாலின்கிராட் முடிந்துவிட்டது. அந்தப் போரில் செத்த சோவியத் மக்கள் 2.7 கோடி. அமெரிக்கர் சுமார் 4 லட்சம். இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைத்துப் பாருங்கள். மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தவனுக்கு ‘நம்மைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்’ என்றுதானே தோன்றும்?

#3 வைகைக்கரை

அட்டை ஐயா, 2.7 கோடிக்கு முன்னால் யாரும் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் 1939 ஆகஸ்ட் 23-ஐ லாகவமாகத் தாண்டிவிட்டீர்கள். ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டு, ரகசியமாகப் போலந்தைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டது யார்? 1940-ல் ரஷ்யாவில் காட்டின் (Katyn) என்ற ஊரை ஒட்டிய காட்டிலும் வேறு இடங்களிலும் சுமார் 22,000 போலந்துக்காரர்களைச் சுட்டுப் புதைத்துவிட்டு, பழியை ஜெர்மானியர் மேல் போட்டு, 1990 வரை மறுத்தது யார்?

பனிப்போருக்குத் தொட்டில் எது என்றால் போலந்து என்பேன். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் போலந்தில் சுதந்திரத் தேர்தல் நடத்துவதாக ஸ்டாலின் ஒப்புக்கொண்டார். 1947 ஜனவரியில் நடந்த தேர்தல் எந்த லட்சணத்தில் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். வாக்குத் தவறினால் பகை வராமல் என்ன வரும்?

#4 சோவியத்நாடு அட்டை

காட்டின் பற்றி மறுக்க ஒன்றுமில்லை. அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்குள் இரண்டு தடவை ஜெர்மன் படை போலந்து வழியாகத்தான் ரஷ்யாவுக்குள் வந்தது. அந்த வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்க எந்த ரஷ்ய அரசு சம்மதிக்கும்? ஜார் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

#5 துண்டுச்சீட்டு

ரெண்டு பேரும் யோக்கியமா பேசுறீங்க, நான் ஒரு அயோக்கியத்தனம் சொல்றேன். 1944 அக்டோபர் 9, மாஸ்கோ, ராத்திரி. சர்ச்சில் ஒரு துண்டுத் தாள் எடுத்து எழுதுறார்: ருமேனியா, ரஷ்யாவுக்கு 90 சதவீதம். கிரீஸ், பிரிட்டனுக்கு 90. யூகோஸ்லாவியா, ஹங்கேரி 50-50. பல்கேரியா, ரஷ்யாவுக்கு 75. மேஜை மேல தள்ளுறார். ஸ்டாலின் நீலப் பென்சிலால ஒரு டிக் போட்டு திருப்பித் தள்ளுறார். அம்புட்டுதான். அஞ்சு நாடு. பொங்கலுக்குக் கரும்புக்கட்டு பங்கு பிரிக்கக்கூட எங்க ஊர்ல இதைவிட நேரமாகும்.

இதுல ஜனநாயகம் எங்க, கம்யூனிசம் எங்க?

#6 கணக்கப்பிள்ளை

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கேஷ் கவுன்டரில் கால் நூற்றாண்டு உட்கார்ந்தவன். நோட்டு எண்ணியே விரல் தேய்ந்தவனுக்கு எல்லாமே நோட்டாகத்தான் தெரியும் என்று சிரிப்பீர்கள், பரவாயில்லை.

மகள் கேட்டது ‘பகை எங்கிருந்து வந்தது’ என்றல்ல. பகை பழையது, அதை அட்டை ஐயாவும் வைகைக்கரையும் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது, பழைய பகை இருந்தும் கைகோத்தவர்கள் எந்த இடத்தில் கையை உதறினார்கள் என்று. என் பதில்: ஜெர்மனியின் கல்லாப்பெட்டியில்.

1944-ல் ஜெர்மனிக்குள் நுழையுமுன்பே நேச நாடுகள் தங்கள் படைகள் செலவழிக்க ஒரு பொது நோட்டு அச்சடித்தன. நேசப்படை மார்க் என்று பெயர். ரஷ்யர்கள் நாங்களும் அச்சடிப்போம், அச்சுத்தகடு கொடுங்கள் என்றார்கள். அமெரிக்கக் கருவூலம் தகடுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டது! யார் எவ்வளவு அச்சடிக்கலாம் என்பதற்குக் கணக்கு இல்லை. பணம் கையாண்டவன் யாரும் இதைச் செய்ய மாட்டான். சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுவது போல.

போர் முடிந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா நாலும் ஜெர்மனியை நாலு பகுதியாகப் பிரித்து ஆண்டன. செஞ்சேனைச் சிப்பாய்க்குப் பல மாதச் சம்பளப் பாக்கி மொத்தமாக இந்த நோட்டில் வந்தது. அதை ஊருக்குக் கொண்டுபோனால் செல்லாது. கையிலோ கற்றை கற்றையாகப் பணம். பெர்லின் கறுப்புச் சந்தையில் அமெரிக்கச் சிப்பாய் மணிக்கட்டு நிறையக் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தான். மிக்கி மவுஸ் படம் போட்ட மலிவுக் கடிகாரத்துக்குக்கூட ரஷ்யன் நூற்றுக்கணக்கான டாலர் பெறுமான மார்க்கைக் கொடுத்தான். அமெரிக்கன் அந்த மார்க்கைத் தன் படையின் கவுன்டரில் பத்துக்கு ஒரு டாலர் என்று மாற்றி வீட்டுக்கு அனுப்பினான். கொஞ்ச நாளில் கணக்கு பார்த்தால், சிப்பாய்களுக்குக் கொடுத்த சம்பளத்தைவிட அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் அதிகம். கருவூலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. சோவியத் அச்சகத்து நோட்டில் வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கிடைக்கோடு இருக்கும். மற்றபடி அச்சு அசல். கவுன்டரில் உட்கார்ந்தவன் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தால் போதும்.

இந்தச் சூடு ஆறவே இல்லை. இழப்பீடு விஷயத்திலும் இதே மனக்கசப்பு. யால்டாவில் ரஷ்யா தன் பங்காக 1,000 கோடி டாலர் கேட்டது. தன் ஊரெல்லாம் சாம்பல், கேட்டதில் தப்பில்லை. ஆனால் மேற்கு ஜெர்மனியில் மக்கள் பட்டினி, அவர்களுக்குச் சோறு போடுவது அமெரிக்க வரிப்பணம். ஒரு பக்கம் நாம் ஊற்ற, மறுபக்கம் அவன் மொண்டுகொண்டு போகிறானே என்று 1946 மே மாதம் அமெரிக்கப் பகுதி நிர்வாகத்தில் இருந்த ஜெனரல் கிளே தன் பகுதியிலிருந்து தொழிற்சாலைகளைக் கழற்றி அனுப்புவதை நிறுத்தினார். ரஷ்யன் பார்வையில் அது ஏமாற்று வேலை. அமெரிக்கன் பார்வையில் ஓட்டைப் பானையை அடைப்பது. இரண்டும் உண்மை.

ஜெர்மனிக்குப் புது நாணயம் வேண்டும் என்று நாலு பேருக்கும் தெரியும். ரஷ்யர்கள் லைப்சிக்கிலும் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். அது அவர்கள் பகுதியில் இருக்கும் ஊர். அமெரிக்கர்களுக்கு உடனே கடிகாரச் சந்தை ஞாபகம் வந்திருக்கும். முடியாது என்றார்கள். பேச்சு இழுத்தது. கடைசியில் அமெரிக்காவிலேயே ரகசியமாக அச்சடித்து, பெட்டிகளின் மேல் ‘கதவுக் குமிழ்’ என்று எழுதி, கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்குப் பகுதிகளில் தலைக்கு 40 புது மார்க். திங்கட்கிழமை காலை கடைகளில் அதுவரை காணாத சாமான்களெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றன. அதுவரை சிகரெட்தான் காசு.

ரஷ்யப் பகுதியில் அவசரமாகப் பழைய நோட்டின் மேல் ஒரு சின்னச் சீட்டை ஒட்டிப் புது நோட்டு என்றார்கள். 23-ம் தேதி, ரஷ்யப் பகுதிக்கு நடுவே தீவு மாதிரி இருந்த மேற்கு பெர்லினுக்கும் புது மார்க் வந்தது. 24-ம் தேதி ரயில், ரோடு, கால்வாய் எல்லாம் அடைப்பு. மின்சாரமும் போச்சு.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: ஒரே ஊரில் இரண்டு நோட்டு செல்ல ஆரம்பித்த அன்றே நாடு இரண்டாகிவிட்டது. சுவர் எழும்பியது 1961-ல். கோடு கிழித்தது 1948-ல்.

#7 வைகைக்கரை

கணக்கப்பிள்ளை சார், கைதட்டல். ஆனால் ஒரு வருஷம் முன்னால் போக வேண்டும். 1947 ஜூன் 5, ஹார்வர்டில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல் பேசுகிறார். ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா பணம் கொடுக்கும் உதவித் திட்டத்தில் சோவியத்தும் சேரலாம் என்பதுதான் அழைப்பு. சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் பெரிய குழுவோடு பாரிஸ் வந்தார், சில நாளில் எழுந்து போனார். செக்கோஸ்லோவாக்கியா சேருவதாகச் சொல்லிவிட்டது. அதன் தலைவர்களை மாஸ்கோவுக்குக் கூப்பிட்டார்கள், திரும்பி வரும்போது ‘வேண்டாம்’ என்ற பதிலோடு வந்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மார்ச் 10 காலை வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் பிணமாகக் கிடந்தார். விழுந்தாரா, தள்ளினார்களா என்று இன்றுவரை சர்ச்சை.

அந்த ஜன்னல்தான் மேற்கு ஐரோப்பாவைப் பயமுறுத்தியது. நேட்டோவுக்கு அச்சாரம் அது.

#8 சோவியத்நாடு அட்டை

‘சேரலாம்’ என்றார்களாம்! சேர்ந்தால் கணக்குப் புத்தகத்தை அமெரிக்கனிடம் காட்ட வேண்டும். ஸ்டாலின் காட்டமாட்டார் என்று தெரிந்தே வைத்த விருந்து அது. இலை போட்டுவிட்டு, உட்காருமுன் சட்டைப் பையைச் சோதிப்போம் என்றால் யார் உட்காருவான்?

#9 நெறியாளர்

இன்றைய உக்ரைன் போர் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை உண்டு. இங்கே 1950-களைத் தாண்ட வேண்டாம்.

#10 பனைமரத்தடி

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். நாங்கள் பள்ளிக்கூடத்தில இதைக் ‘கெடுபிடிப் போர்’ எண்டுதான் படிச்சனாங்கள். பனியும் இல்லை, குளிரும் இல்லை, கெடுபிடிதான். எனக்கு இப்பவும் அந்தச் சொல்லுத்தான் பொருத்தமாப் படுது.

இந்த ரெண்டு பேரும் சண்டை பிடிக்க, நடுவில நிண்டவைக்கு என்ன நடந்தது எண்டு ஒரு கதை. 1948-ல இலங்கைக்குச் சுதந்திரம். ஐ.நா.வில சேர விண்ணப்பிச்சால் சோவியத் வீட்டோ. நீங்கள் உண்மையா சுதந்திர நாடு இல்லை எண்டு சொன்னாங்கள். உள்ள போக 1955 டிசம்பர் ஆச்சு. சரி, அப்ப அமெரிக்கன் எங்களைத் தூக்கி மடியில வச்சிருப்பான் எண்டு நினைப்பியள். 1952-ல அரிசித் தட்டுப்பாடு, ரப்பர் விலையும் விழுந்துபோச்சு. அப்ப ஆட்சியில இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி, கம்யூனிஸ்ட் எண்டாலே ஆகாது. அவையே வேற வழியில்லாமல் சீனாவோட ரப்பர்-அரிசி ஒப்பந்தம் போட்டினம். வருஷம் 50,000 தொன் ரப்பர் குடுத்து 2,70,000 தொன் அரிசி. கொரியச் சண்டை நடக்கிற நேரம் சீனாவுக்கு ரப்பரோ எண்டு அமெரிக்கா உதவியை நிப்பாட்டிப் போட்டுது.

ஒருத்தன் ‘நீ மற்றவன்ர ஆள்’ எண்டு கதவைச் சாத்தினான். மற்றவன் அதையே சொல்லி அரிசியில கை வச்சான். நாங்கள் சோறு தின்னப் பாத்த ஆக்கள், அவ்வளவுதான்.

#11 துண்டுச்சீட்டு

பனைமரத்தடி அண்ணே, இந்த ஒரு பதிவுக்கே இழை தகும்.

இழைத் தலைப்புல இல்லைன்னாலும் பாடப்புத்தகத்துல ‘ஜனநாயக முகாம்’னு எழுதுறாங்களே, அதையும் சொல்லிடுறேன். 1949 ஏப்ரல் 4, நேட்டோவில் கையெழுத்துப் போட்ட 12 நாட்டுல ஒண்ணு போர்ச்சுகல். ஆண்டது சலாசார், அப்பட்டமான சர்வாதிகாரி. 1953-ல ஈரானில் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்தது யாரு? அந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனிக்குப் பேரே ‘ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு’. பேர்ப்பலகையை நம்பி உள்ள போனா ரெண்டு கடையிலயும் வேற சரக்கு.

#12 வைகைக்கரை

போர்ச்சுகல் விஷயம் சரி. ஆனால் ரெண்டு கடையும் ஒண்ணு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மேற்கு பெர்லினிலிருந்து கிழக்கே ஓட யாரும் சுரங்கம் தோண்டவில்லை.

#13 சரக்குமுனையம்

விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் வேலை. அந்த அடைப்பின்போது விமானத்திலேயே சரக்குக் கொண்டுபோய் ஊரைக் காப்பாற்றிய பெர்லின் வான்பாலம் பற்றி யாரும் வாய் திறக்காததால் நான். எங்களுக்கு அது வேதம்.

பெர்லினுக்கு ரோட்டில் போகலாம் என்று எழுத்துபூர்வமான ஒப்பந்தமே கிடையாது. வாய்ப்பேச்சு. ஆனால் வான்வழிக்கு மட்டும் 1945-லேயே எழுதி வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் 20 மைல் அகலத்தில் மூன்று பாதை. அந்த ஒரு காகிதம் இல்லையென்றால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கு பெர்லின்காரர்கள் அதோகதி. விமானத்தை மறித்தால் சுட வேண்டும், சுட்டால் யுத்தம். ரஷ்யர்கள் சுடவில்லை.

படத்தில் விமானத்திலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் போடுவதைத்தான் காட்டுவார்கள். உள்ளபடிக்குச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. விமானத்தில் கரி! தூள் எங்கும் புகுந்து கம்பி வடம் எல்லாவற்றையும் அரிக்கும். உருளைக்கிழங்கை அப்படியே கொண்டுபோனால் பாதிக்கு மேல் தண்ணீர் சுமக்கிறோம் என்று உலர்த்திப் பொடியாக்கி ஏற்றினார்கள். 1948 ஆகஸ்ட் 13-ல் மழையிலும் மேகத்திலும் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வானத்தில் சுற்றிக்கொண்டே நின்றன, சில விபத்துக்குள்ளாயின. அதன்பின் வான்பாலத்தை நடத்திய ஜெனரல் டன்னர் போட்ட உத்தரவு: முதல் முயற்சியில் இறங்க முடியவில்லையா, சுற்றக் கூடாது, சரக்கோடு திரும்பிப் போ. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்ற தாளம் கெடக்கூடாது. வானத்தில் வரிசையைக் கலைப்பதைவிட ஒரு லோடு வீணாவது மேல் என்று புரிய அவருக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. எங்களூர் மேலாளர்களுக்கு... சரி விடுங்கள்.

பெர்லினின் டெகல் விமான நிலைய ஓடுபாதையை இடிந்த வீட்டுக் கல்லையே பரப்பி மூன்று மாதத்தில் போட்டார்கள். வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம். முற்றுகை விலகியது 1949 மே 12. மொத்தம் சுமார் 23 லட்சம் டன்.

#14 மூணாம்பெஞ்சு

அடேங்கப்பா. ஒரு சந்தேகம். அணுகுண்டு யாருமே எடுக்கலையே? அது அமெரிக்கா கையில மட்டும் இருந்தது ரஷ்யாவைப் பயமுறுத்தலையா?

#15 கணக்கப்பிள்ளை

பயமுறுத்தியது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. 1945 ஜூலை 24, பாட்ஸ்டாம் மாநாடு. கூட்டம் கலையும் நேரம் அமெரிக்க அதிபர் ட்ரூமன் மேஜையைச் சுற்றி வந்து, எங்களிடம் அசாதாரண நாசசக்தி கொண்ட புது ஆயுதம் ஒன்று இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னார். ஸ்டாலின் முகத்தில் சலனமே இல்லை. புரியவில்லை போலும் என்று அந்தப் பக்கம் நினைத்தார்கள். அணுகுண்டு செய்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்திலேயே கிளாஸ் ஃபூக்ஸ் என்ற விஞ்ஞானி மாஸ்கோவுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார். 1949 ஆகஸ்ட் 29-ல் ரஷ்யர்கள் வெடித்தது கிட்டத்தட்ட நாகசாகிக் குண்டின் நகல். மறுபடியும் அச்சுத்தகடு கைமாறின கதைதான், இந்தத் தடவை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி கென்னன் நீண்ட தந்தி அடித்தார்: இவர்கள் உள்ளுக்குள் பயந்தவர்கள், அதனால் விரிவார்கள், அணை கட்டுங்கள் என்ற சாரத்தில். அதே வருஷம் செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்து சோவியத் தூதர் நோவிகோவ் தன் ஊருக்கு அறிக்கை அனுப்பினார்: அமெரிக்கா உலகை ஆளப் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், மாமியாரும் மருமகளும் தனித்தனியே அம்மா வீட்டுக்கு எழுதிய கடிதம் மாதிரி இருக்கும்.

#16 சோவியத்நாடு அட்டை

உவமைக்காக மன்னித்தேன்.

#17 பனைமரத்தடி

கொரியாவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே. 1950 ஜூன் 25-ல வடகொரியா தெற்கை அடிச்சதுக்குப் பிறகுதானே இது ஐரோப்பாச் சண்டை எண்ட நிலை மாறி எல்லார் வீட்டுக்கும் வந்தது? எங்கட ரப்பர் கதையும் அதாலதான்.

#18 வைகைக்கரை

உண்மை. அதோடு அமெரிக்க ராணுவச் செலவு மூன்று மடங்குக்கு மேல் எகிறியது, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஐ.நா. தீர்மானம் வந்த அன்று சோவியத் பிரதிநிதி நாற்காலி காலி. சீனாவின் இடம் யாருக்கு என்று கோபித்து ஜனவரியிலேயே வெளிநடப்பு. கோபத்தில் எழுந்து போனவனுக்கு வீட்டோ போட முடியவில்லை.

கொரியா என்றதும் சென்னை ஞாபகம் வருகிறது. 1953-ல் சண்டை நின்றபோது ஊர் திரும்ப மாட்டோம் என்ற கைதிகளைக் காவல் காக்கும் வேலை இந்தியாவுக்கு வந்தது. கமிஷன் தலைவர் ஜெனரல் திம்மையா. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார், அதனால் இன்சான் துறைமுகத்தில் கப்பலிலிருந்தே ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டுபோய் எல்லையில் விட்டார்கள். கைதிகளிடம் கேட்டார்கள்: அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கம் சொன்னார்கள். 88 பேர், கொரியரும் சீனரும், இரண்டும் வேண்டாம் என்றார்கள். இந்தியப் படை திரும்பியபோது அவர்களும் கூடவே கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

#19 மூணாம்பெஞ்சு

நம்ம துறைமுகத்துலயா! இழை முழுசையும் மகளுக்குப் படிச்சுக் காட்டினேன். பரீட்சையில ஃபுல்டன்னுதான் எழுதப் போறாளாம், மார்க் அதுக்குத்தான்னா. ஆனா ரஃப் நோட்டு பின்னட்டையில ஒரு மார்க் நோட்டு வரைஞ்சு, நம்பருக்கு முன்னால சின்னக் கோடு போட்டு வெச்சிருக்கா.

அவ கேக்கச் சொன்னது: அந்த 88 பேர் அப்புறம் எங்க போனாங்க?

#20 வைகைக்கரை

டெல்லிக்குக் கூட்டிப்போய் ராணுவ முகாமில் தங்க வைத்தார்கள். எந்த நாடு எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். பலரும் 1956-57 வாக்கில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.